மாதிரி கடந்த தூரம்: எளிய மூலக்கூறு பரிசோதனைகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

இப்பதிவு சற்று நீளமானது. அறிவியல் வரலாறு, மருத்துவ வரலாறு, தொழிலாளர் வரலாறு ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. பொறுமையுடன் வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

வைரஸ் தொற்றைக் கண்டறியும் பரிசோதனைகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. யார் எந்த ஆண்டில் எந்த நொதியைப் பயன்படுத்தினார், யாருக்கு நோபல் பரிசு கிடைத்தது என்ற வரிசையில் அது நகரும். அவ்வரிசை தவறானதன்று. ஆயினும் நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் வேறு இரண்டு அளவுகளே முதன்மை பெறுகின்றன. அவர் உடலிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரி எத்தனை கிலோமீட்டர் பயணம் செய்தது? விடை திரும்பி வர எத்தனை நாள் ஆயிற்று? எளிய, விரைவான மூலக்கூறு பரிசோதனை என்று இன்று நாம் குறிப்பிடுவது இவ்விரு அளவுகளையும் சுருக்குவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நடந்து வரும் முயற்சியின் பெயர்.

இந்த வரலாற்றின் இந்தியப் பகுதியைச் சொல்ல ஒரு தொடர்வண்டிப் பாதை போதும் என்று கருதுகிறேன். சென்னையிலிருந்து காட்பாடி, ஜோலார்பேட்டை, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் பாதை அது. பங்காருப்பேட்டையிலிருந்து பிரியும் கிளைப்பாதை 1894இல் திறக்கப்பட்டது. தங்கவயலின் ஊரிகம் நிலையத்தைக் கடந்து மாரிக்குப்பத்தில் முடிகிறது. பாதையின் கிழக்குப் பகுதியில் 1986ஆம் ஆண்டின் நிகழ்வொன்றும், மேற்கு முனையில் 2000க்குப் பிந்தைய நிகழ்வொன்றும் நடந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட கிளையில் இருக்கும் ஊரிகத்திலிருந்து பார்க்கும்போது இவ்விரண்டின் பொருளும் தெளிவாகத் தெரிகிறது என்பதே என் வாதம்.

1. காட்பாடி, 1986

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்ட வரலாறு பலருக்கும் தெரிந்ததே. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய முதுகலை மாணவி செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அக்காலத்தில் இந்நோய் அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரியது, நம் பண்பாட்டில் நுழையாது என்ற நம்பிக்கை அரசு வட்டாரங்களிலும் செய்தித்தாள்களிலும் வலுவாக இருந்தது. ஆகவே ஆய்வு பெரும் எதிர்பார்ப்பு ஏதுமின்றியே தொடங்கிற்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது மாதிரிகளின் பயணம். சென்னையில் எச்.ஐ.வி.க்கான எலைசா பரிசோதனை செய்யும் வசதி அப்போது இல்லை. பிரித்தெடுத்த இரத்தநீரை நிர்மலா தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே பாதுகாத்தார். 1986 பிப்ரவரியில் அவரும் கணவரும் அவற்றைப் பனிக்கட்டியிட்ட பெட்டியில் வைத்து இரவுத் தொடர்வண்டியில் காட்பாடிக்குக் கொண்டு சென்றனர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டி. ஜேக்கப் ஜான் தலைமையில் இயங்கிய வைரஸ் ஆய்வகத்தில் பரிசோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறம் காட்டின. அம்முடிவை உறுதிப்படுத்துவதற்கான வெஸ்டர்ன் பிளாட் பரிசோதனைக்காக மாதிரிகள் அமெரிக்கா வரை செல்ல நேர்ந்தது. பின்னரே தமிழக நலவாழ்வு அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார்.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி, இரவு வண்டி, வேலூர் ஆய்வகம், அமெரிக்க ஆய்வகம். ஒரு நாட்டின் நோய்க்கொள்கையையே மாற்றிய விடை இந்த நான்கு நிலையங்களைக் கடந்து வந்தது. நிர்மலாவின் விடாமுயற்சியைப் போற்றும்போதே அம்முயற்சி ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியையும் வரலாற்று மாணவர் கேட்டாக வேண்டும். பரிசோதனை எட்டாத தொலைவில் இருந்தமையால்தான் ஒரு மாணவி தம் சமையலறையை மாதிரிக் கிடங்காக்க வேண்டியிருந்தது.

2. நிழலும் உருவும்

எலைசா கண்டறிவது வைரஸை அன்று. வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை. வந்துபோனவரின் காலடித் தடத்தைக் கொண்டு அவர் வந்தார் என்று கூறுவதை ஒத்தது அது. எதிர்ப்பொருள் தோன்றச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் நோயாளியின் உடலில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும். பரிசோதனையோ இல்லை என்று கூறும். இரத்த வங்கிகளுக்கு இந்த இடைவெளி நீண்ட காலம் பெருங்கவலையாக இருந்தது. விரைந்து பரவி விரைந்து நீங்கும் சுவாசத் தொற்றுகளில் எதிர்ப்பொருள் பரிசோதனை, நடந்து முடிந்ததை உறுதிசெய்ய மட்டுமே பயன்படும்.

மூலக்கூறு பரிசோதனை வைரஸின் மரபுப்பொருளையே தேடுகிறது. அதற்கான வழியைத் திறந்தது பி.சி.ஆர். முறை. 1983இல் கலிபோர்னியாவின் சீட்டஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கேரி முல்லிஸ் இதன் கருத்தை உருவாக்கினார். 1985 இறுதியில் வெளியான முதற்கட்டுரை அரிவாள் உயிரணுச் சோகையைக் கண்டறிவதற்கு இம்முறையைப் பயன்படுத்திக் காட்டியது. வைரஸ் ஆய்வுக்கு அது பின்னரே வந்தது. முறையின் உள்ளடக்கம் எளிது. டி.என்.ஏ.வை ஏறத்தாழ 95 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கினால் இரு இழைகளும் பிரியும். வெப்பத்தைக் குறைத்தால் நாம் இட்ட சிறு தொடக்க இழைகள் தமக்குரிய இடத்தில் சென்று ஒட்டும். மீண்டும் சற்று உயர்த்தினால் நொதி அங்கிருந்து புதிய இழையைக் கட்டும். ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும். முப்பது சுற்றுகளில் ஒரு மூலக்கூறு, கணக்களவில், 107 கோடியைத் தாண்டும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து பெற்ற, கொதிநிலையையும் தாங்கும் நொதி இதற்குத் துணைநின்றது. ஆர்.என்.ஏ. வைரஸ்களுக்கு முதலில் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்ற வேண்டும். அதைச் செய்யும் எதிர்ப்படியாக்க நொதி 1970இலேயே கண்டறியப்பட்டிருந்தது. பெருக்கம் நடக்கும்போதே ஒளிர்வைக் கொண்டு அளக்கும் முறை 1990களில் வந்தது. கோவிட் காலத்தில் அனைவர் நாவிலும் புழங்கிய ஆர்.டி.பி.சி.ஆர். இவற்றின் கூட்டு.

3. தங்கவயல் அறிந்த இரண்டு வழிகள்

அரிதான ஒன்றைக் கண்டறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சுற்றியுள்ள இரைச்சலைக் குறைப்பது. மற்றொன்று, தேடும் பொருளின் குரலைப் பெருக்குவது. முதல் வழிக்கு உலகறிந்த சான்று தங்கவயலிலேயே உண்டு. 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகக் குழுக்களுடன் சேர்ந்து இச்சுரங்கத்தின் ஆழத்தில் கருவிகளை நிறுவி, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவு செய்தது. மேலே இருந்த இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறை பிற காஸ்மிக் கதிர்களை வடிகட்டியது. பூமியின் உடலையே சல்லடையாக்கிய சோதனை அது.

பி.சி.ஆர். இரண்டாம் வழியைச் சேர்ந்தது. ஆனால் அதற்கும் ஒரு சல்லடை முன்னதாகத் தேவை என்பது பலமுறை மறக்கப்படுகிறது. சளியிலோ இரத்தத்திலோ புரதம், கொழுப்பு, உயிரணுச் சிதைவு எனப் பலவும் கலந்திருக்கும். அவை நொதியின் வேலையைத் தடுக்கும். முதலில் மரபுப்பொருளை மட்டும் பிரித்தெடுத்தாக வேண்டும். தங்கவயலில் பிறந்தவர்க்கு இது புதிய பாடமன்று. தங்கம் பாறையில் இருக்கிறது என்று அறிவது ஒரு வேலை. பாறையை உடைத்து, பொடித்து, சயனைடு கரைசலில் கரைத்து அதை வெளியே கொணர்வது வேறு வேலை. இரண்டாவதே கடினமானது என்பதற்கு ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மணல்மேடுகள் சாட்சி.

இவ்விடத்தில் பொருள்சார் வரலாற்று ஆய்வாளர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. மரபுப்பொருளைப் பிரித்தெடுக்க இன்று உலகெங்கும் கையாளப்படும் முறைகளில் மிகப் பெரும்பாலானவை ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த வில்லெம் பூம் குழுவினர் 1990இல் வெளியிட்ட முறையின் வழிவந்தவை. குறிப்பிட்ட உப்புக் கரைசலில் டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் சிலிக்காவின் மேல் ஒட்டிக்கொள்ளும். கழிவைக் கழுவிவிட்டு, பின்னர் நீரில் விடுவித்துக்கொள்ளலாம். அதே சிலிக்கா, படிக வடிவில், நுண்தூசியாகத் தங்கவயல் தொழிலாளரின் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயைத் தந்தது. இந்தியாவில் அந்நோய் பற்றிய தொடக்ககால மருத்துவப் பதிவுகளில் 1940களின் கோலார்ப் பதிவுகள் முக்கியமானவை. சிலிக்காத் தூசி படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும் என்பதும் உலகச் சுரங்கங்கள் அனைத்திலும் கண்ட உண்மை. ஒரே கனிமம் ஓரிடத்தில் நோயின் காரணம். இன்னோரிடத்தில் நோயறியும் கருவி. இதில் விதியின் விளையாட்டு ஏதுமில்லை. பொருள் ஒன்றே, யாருடைய கட்டுப்பாட்டில், எவ்வடிவில் அது இருந்தது என்பதே வேறுபாடு.

4. கோட்டையாகிய ஆய்வகம்

பி.சி.ஆரின் ஆற்றலே அதன் சிக்கலும் ஆகும். ஒரு மூலக்கூறைக் கோடியாகப் பெருக்கும் முறை, தவறி விழுந்த ஒரு மூலக்கூறையும் கோடியாகப் பெருக்கும். ஆகவே கலவை தயாரிக்க ஓர் அறை, மாதிரியைக் கையாள ஓர் அறை, பெருக்கத்துக்கு ஓர் அறை என்று ஆய்வகம் பிரிக்கப்பட்டது. நொதிகளுக்கு உறைகுளிர் வேண்டும். தடையற்ற மின்சாரம் வேண்டும். பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். இவையனைத்தும் பெருநகரங்களில் மட்டுமே கிடைத்தன.

2009இல் எச்1என்1 காய்ச்சல் பரவத் தொடங்கியபோது இந்தியாவின் பரிசோதனைச் சுமை தொடக்கத்தில் புனே தேசிய வைரஸ் நிறுவனம், தில்லி தேசிய நோய்க்கட்டுப்பாட்டு மையம் போன்ற மிகச் சில இடங்களின் மேல் விழுந்தது. சென்னை கிண்டியின் கிங் நிறுவனம் உள்ளிட்ட ஆய்வகங்கள் பின்னர் சேர்க்கப்பட்டன. அந்த அனுபவத்தின் பின்னணியில்தான் வைரஸ் ஆய்வு, நோயறிதல் ஆய்வகங்களின் நாடளாவிய வலையமைப்பு 2013ஆம் ஆண்டுமுதல் அரசுத் திட்டமாக வளர்ந்தது. எனினும் 2018 மே மாதத்தில் கோழிக்கோடு வட்டாரத்தில் நிபா பரவியபோது மாதிரிகள் மணிப்பாலுக்கும் புனேக்கும் சென்றன. 2020 ஜனவரி 30 அன்று ஊகானிலிருந்து திரும்பிய கேரள மாணவி ஒருவரிடம் இந்தியாவின் முதல் கோவிட் தொற்று உறுதியானபோதும் அந்த மாதிரி புனேயில்தான் பரிசோதிக்கப்பட்டது. 1986இன் காட்பாடிப் பயணம் முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் வேறு வழித்தடத்தில் தொடர்ந்தது என்றே கூற வேண்டும்.

உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த வல்லுநர்கள் இச்சிக்கலை முன்னரே உணர்ந்திருந்தனர். வளரும் நாடுகளுக்கான பரிசோதனை எப்படி அமைய வேண்டும் என்பதற்கு 2000களின் முற்பகுதியிலேயே அவர்கள் ஏழு அளவுகோல்களை வகுத்தனர். வாங்கக்கூடிய விலை, நோயைத் தவறவிடாத நுண்மை, நோயில்லாதவரை நோயாளியென்று கூறாத துல்லியம், எளிய கையாள்கை, விரைவும் உறுதியும், பெருங்கருவி தேவைப்படாமை, தேவையுள்ளவரைச் சென்றடைதல். இந்த ஏழும் ஒருசேரப் பொருந்திய மூலக்கூறு பரிசோதனை அப்போது ஒன்றுகூட இல்லை.

5. பெங்களூர்: இருபது ஆண்டு உழைப்பு

அப்பாதையின் மேற்கு முனைக்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கப்பட்ட பிக்டெக் என்னும் சிறு நிறுவனம், சந்திரசேகர் நாயர் உள்ளிட்டோரின் முயற்சியில், பி.சி.ஆர். இயந்திரத்தை கையில் எடுத்துச் செல்லும் அளவுக்குச் சுருக்கும் பணியில் இறங்கியது. அறிவியல், தொழில்துறை ஆராய்ச்சிக் குழுமத்தின் திட்டமொன்று தொடக்கநிலையில் நிதியுதவி தந்தது. அக்கட்டத்தில் இலக்காக இருந்த நோய்களுள் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று ஒன்று. பின்னர் கோவாவைச் சேர்ந்த துலிப் நிறுவனத்துடன் சேர்ந்து மோல்பயோ என்ற பெயரில் ட்ரூநாட் கருவி சந்தைக்கு வந்தது.

இக்கருவியின் முன்னேற்றம் எங்கே இருக்கிறது என்பதை நுணுகிப் பார்க்க வேண்டும். பெருக்க முறை புதியதன்று; பழைய பி.சி.ஆரே. மூன்று இடங்களில் மாற்றம் நிகழ்ந்தது. முதலாவது, மரபுப்பொருளைப் பிரித்தெடுக்கும் வேலை ஒரு மூடிய பெட்டகத்துக்குள் தானியங்கியாக நடக்கிறது. மூன்று அறைகளின் வேலையில் பெரும்பகுதியைச் சிறு இயந்திரம் ஏற்றுக்கொண்டது. இரண்டாவது, வினைப்பொருள்கள் உலர்ந்த நிலையில் ஒரு சிறு சில்லின் மேல் அமைந்திருப்பதால் உறைகுளிர்ச் சங்கிலி தேவையற்றுப் போயிற்று. மூன்றாவது, கருவி மின்கலத்தில் இயங்கும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விடை கிடைக்கும். இவற்றோடு, மாதிரியை இடும் கரைசலே வைரஸைச் செயலிழக்கச் செய்வதால் கையாள்பவருக்கும் பாதுகாப்பு மிகுந்தது.

ஒப்பீட்டுக்கு அமெரிக்காவின் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியைக் காணலாம். 2010 டிசம்பரில் காசநோய்க்காக உலக நலவாழ்வு நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. அது காசநோய் அறிதலில் பெரும் திருப்பம். ஆனால் குளிரூட்டிய அறையும் நிலையான மின்சாரமும் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை வைத்திருப்பது கடினம். ட்ரூநாட்டுக்கு அதே நிறுவனத்தின் பரிந்துரை 2020இல்தான் கிடைத்தது. தொடக்கத்துக்கும் ஏற்புக்கும் இடையே இருபது ஆண்டுகள். விரைவுப் பரிசோதனையை உருவாக்கும் வேலை விரைவானதன்று.

6. 2020: நான்கு பாதைகள்

2020 ஜனவரியில் புதிய கொரோனா வைரஸின் மரபணு வரிசை வெளியிடப்பட்டது. சில நாள்களுக்குள் பெர்லின் சாரிட்டே மருத்துவமனையின் கிறிஸ்டியன் துரோஸ்டன் குழு ஆர்.டி.பி.சி.ஆர். நெறிமுறையை வகுத்தது. இந்தியாவில் அதன்பின் நான்கு பாதைகள் அருகருகே திறந்தன.

முதற்பாதை ட்ரூநாட். 2020 ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் அதை முதனிலைச் சலிப்புப் பரிசோதனையாக ஏற்றது. அப்போது அது தேடியது, ஒத்த வைரஸ்களுக்குப் பொதுவான ஈ மரபணுவை. ஆகவே தொற்று உண்டென்ற விடையை வேறு பரிசோதனையால் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. மே மாதத்தில் புதிய வைரஸுக்கே உரிய ஆர்.டி.ஆர்.பி. மரபணுவைத் தேடும் இரண்டாம் படி சேர்க்கப்பட்டு, அதே கருவியில் உறுதிப்பாடும் சாத்தியமாயிற்று. காசநோய்க்கென மாவட்டங்களில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்த கருவிகளே வைரஸுக்கும் பயன்பட்டன. ஆந்திரமும் கோவாவும் இதைத் தொடக்கத்திலேயே பரவலாகக் கையாண்டன.

இரண்டாம் பாதை லாம்ப் முறை. ஜப்பானின் நோட்டோமி குழுவினர் 2000இல் வெளியிட்ட இம்முறையில் வெப்பத்தை ஏற்றி இறக்க வேண்டியதில்லை. 60 முதல் 65 பாகை வரையிலான ஒரே வெப்பநிலையில் பெருக்கம் நடக்கும். திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் 2020 ஏப்ரலில் இதன் அடிப்படையில் சித்ரா ஜீன்லாம்ப் என்ற பரிசோதனையை அறிவித்தது. கண்டறியும் கட்டம் பத்து நிமிடங்களில் முடியும். மாதிரி முதல் விடை வரை இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும்.

மூன்றாம் பாதை ஃபெலூடா. தில்லியின் மரபணுவியல், ஒருங்கிணை உயிரியல் நிறுவனத்தில் தேபஜோதி சக்ரவர்த்தியும் சௌவிக் மைத்தியும் உருவாக்கிய இப்பரிசோதனை கிரிஸ்பர் தொழில்நுட்பத்தைச் சார்ந்தது. பெயர் சத்யஜித் ராயின் துப்பறிவாளரை நினைவூட்டுவது. வைரஸுக்குரிய வரிசையை அடையாளம் காணும் புரதம், காகிதப் பட்டையில் கோடாக விடை காட்டும். இக்குழு இதை முதலில் உருவாக்கியது அரிவாள் உயிரணுச் சோகைக்காக. பி.சி.ஆரின் முதற்கட்டுரையும் அந்நோயைப் பற்றியதே என்பதை மேலே கண்டோம். 2020 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. ஆனால் பட்டைக்கு முன்னதாகப் பெருக்கம் ஒன்று வேண்டும். அதற்குச் சாதாரண பி.சி.ஆர். இயந்திரமாவது தேவை. காகிதத்தின் எளிமை முழு முறையின் எளிமை ஆகாது.

நான்காம் பாதை மூலக்கூறு வழியைச் சேராத விரைவு ஆன்டிஜன் பரிசோதனை. 2020 ஜூன் 14 அன்று மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. இருவேறு மதிப்பீடுகளில் இதன் நுண்மை 50.6 முதல் 84 விழுக்காடு வரையிலும், துல்லியம் 99.3 முதல் 100 விழுக்காடு வரையிலும் இருந்தது. பொருள் இதுதான்: உண்டு என்றால் நம்பலாம்; இல்லை என்றால் நம்ப இயலாது. அறிகுறி உள்ளவருக்கு இல்லை என்று வந்தால் ஆர்.டி.பி.சி.ஆர். மீண்டும் செய்ய வேண்டும் என்று அவ்வழிகாட்டுதலே கூறியது. அரை மணி நேரத்தில், இயந்திரமின்றி, எங்கும் செய்யக்கூடியதாக இருந்தமையால் இதுவே மிகப் பரவலாயிற்று.

இந்நான்கில் எது வென்றது என்று கேட்பது பயனற்ற கேள்வி. ஒவ்வொன்றும் ஏழு அளவுகோல்களில் எதைப் பெற எதை விட்டுக்கொடுத்தது என்பதே வரலாற்றுக் கேள்வி. நுண்மையை விட்டு விரைவைப் பெறலாம். விலையை ஏற்றி நுண்மையைப் பெறலாம். அந்தத் தேர்வு ஆய்வகத்தில் முடிவதில்லை. ஆணைகளிலும் கொள்முதல் கோப்புகளிலும் முடிகிறது.

7. விலையும் நீதிமன்றமும்

2020 மார்ச்சில் தனியார் ஆய்வகங்களில் பரிசோதனைக்கான உச்சவரம்பு 4,500 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. ஏப்ரல் 8 அன்று உச்சநீதிமன்றம் அரசு, தனியார் ஆய்வகங்கள் அனைத்திலும் பரிசோதனை இலவசமாக இருக்க வேண்டும் என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஐந்து நாள்களில், ஏப்ரல் 13 அன்று, அந்த ஆணை திருத்தப்பட்டது. ஆயுஷ்மான் பாரத் திட்டப் பயனாளிகளுக்கும் அரசு அறிவிக்கும் நலிந்த பிரிவினருக்கும் மட்டுமே இலவசம் என்றாயிற்று. மே இறுதியில் உச்சவரம்பு நீக்கப்பட்டு, விலையை முடிவு செய்யும் பொறுப்பு மாநிலங்களுக்குச் சென்றது.

நாள்கூலி பெறுபவருக்கு 4,500 ரூபாய் என்பது பல நாள் உழைப்பு. மாதிரி கடக்க வேண்டிய தூரத்தைக் கருவி குறைத்தாலும் நோயாளி கடக்க வேண்டிய தூரத்தை விலை கூட்டிவிடும். எளிய பரிசோதனை என்ற சொல்லில் இந்தக் கணக்கும் அடங்க வேண்டும்.

8. ஊரிகத்திலிருந்து பார்த்தால்

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. பணியிழந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறையில் ஆயிரக்கணக்கானோர் ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் நிலையங்களில் விடியற்காலையில் வண்டியேறிப் பெங்களூரில் வேலைசெய்து இரவில் திரும்புகின்றனர். நெரிசலான பெட்டியில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் அமர்ந்தும் நின்றும் பயணிக்கும் மக்களுக்குச் சுவாசத் தொற்று என்பது ஏட்டறிவன்று. இவர்களுக்கு விடை ஒரு மணி நேரத்தில் கிடைப்பதும் மூன்று நாளில் கிடைப்பதும் ஒன்றாகா. மூன்று நாள் காத்திருப்பது மூன்று நாள் ஊதியத்தை இழப்பது. காத்திராமல் செல்வது ஒரு பெட்டி முழுதும் தொற்றைப் பரப்புவது. விரைவு என்ற சொல்லின் முழுப்பொருள் இந்தத் தேர்விலிருந்து மக்களை விடுவிப்பதில் இருக்கிறது.

சுரங்க நிறுவனத்தின் பெரிய மருத்துவமனை சுரங்கத்தோடு சேர்ந்தே மூடப்பட்டது. இருபது ஆண்டுகள் பாழடைந்து கிடந்த அக்கட்டடம் 2021 மே மாதத்தில், இரண்டாம் அலையின்போது, தன்னார்வலர்களால் தூய்மைப்படுத்தப்பட்டு கோவிட் நோயாளிகளுக்காகச் சீரமைக்கப்பட்டது. அந்நிகழ்வைப் பெருமிதத்தோடு நினைவுகூர்வோர் உண்டு. அப்பெருமிதம் நியாயமானது. ஆயினும் மக்கள் துடைப்பம் எடுத்து மருத்துவமனையை மீட்க நேர்ந்த நிலையும், 1986இல் ஒரு மாணவி வீட்டுப் பெட்டியில் இரத்தநீரைக் காத்த நிலையும் ஒரே குறையின் இரு வடிவங்கள். நிறுவனம் இருக்க வேண்டிய இடத்தில் தனிமனித அர்ப்பணிப்பு நின்றது.

நோயறிதல் என்பது எக்காலத்திலும் வெறும் மருத்துவச் செயலாக இருந்ததில்லை என்பதைச் சுரங்க வரலாறு நன்கு காட்டுகிறது. உலகச் சுரங்கங்களில் ஒரு தொழிலாளியின் இருமலுக்குச் சிலிக்கோசிஸ் என்று பெயரிட்டால் அது தொழில்சார் நோய், இழப்பீடு கோரலாம். காசநோய் என்று மட்டும் பெயரிட்டால் அது அவருடைய வறுமையின் கணக்கில் எழுதப்படும். எக்ஸ்கதிர்ப் படத்தை யார் வாசித்தார், யாருக்காக வாசித்தார் என்பது அக்குடும்பத்தின் எதிர்காலத்தை முடிவு செய்தது. இன்று சளியில் காசநோய்க் கிருமியை ஒரு மணி நேரத்தில் காட்டும் கருவி வந்துள்ளது. மிகச் சிறந்த முன்னேற்றம். அதே கருவி அந்நுரையீரலில் படிந்த தூசியைக் காட்டாது. கேட்ட கேள்விக்கு மட்டுமே பரிசோதனை விடை தரும். கேட்கப்படாத கேள்வியை எழுப்புவது மருத்துவரின் கடமை, ஆய்வாளரின் கடமை.

9. மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வரலாற்றுக்கான சான்றுகள் நம் கண்முன்னே மறைந்துகொண்டிருக்கின்றன. 2020ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருத்தப்பட்டன. பழைய வடிவங்கள் இணையத்தளங்களிலிருந்து நீங்குகின்றன. பரிசோதனைப் பெட்டிகளுடன் வந்த விளக்கத்தாள்கள், ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகள், மாதிரி எடுத்துச்சென்ற வாகனங்களின் பயணக் குறிப்புகள் ஆகியவை குப்பைக்குச் செல்கின்றன. கண்டுபிடிப்பாளர்களின் நேர்காணல்கள் கிடைக்கும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மூக்குகளில் குச்சி செலுத்திய ஆய்வக நுட்புநர்களின் நினைவுகளையும், வீடுவீடாகச் சென்ற ஆஷா பணியாளர்களின் நினைவுகளையும் எவரும் பதிவு செய்யவில்லை என்றால் அவை கிடைக்கமாட்டா. எளிய பரிசோதனை என்று நாம் கூறும்போது அந்த எளிமையைச் சுமந்தவர்கள் அவர்களே.

ஆகவே முதுகலை, முனைவர் பட்ட ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் தத்தம் மாவட்டத்தில் ஒரு கேள்வியுடன் தொடங்கலாம். 1986இல், 2009இல், 2020இல், இன்று, உங்கள் ஊரில் எடுக்கப்பட்ட மாதிரி எங்கே சென்றது. விடை எப்போது வந்தது. அதற்கு யார் எவ்வளவு செலுத்தினார்? ஒரு வரைபடமும் ஒரு நாட்காட்டியும் போதும். அவ்விரண்டையும் நிரப்பினாலே அவ்வட்டாரத்தின் பொதுநல வரலாறு எழுதப்பட்டுவிடும்.

தங்கவயலின் ஆழத்திலிருந்து தங்கம் வெளியூருக்குச் சென்றது. நியூட்ரினோவின் தடயம் உலக இயற்பியல் ஏடுகளுக்குச் சென்றது. தொழிலாளரின் எக்ஸ்கதிர்ப் படங்கள் நிர்வாகக் கோப்புகளுக்குச் சென்றன. இவ்வூரில் எடுக்கப்படும் மாதிரிக்கான விடையாவது இவ்வூரிலேயே, அன்றைக்கே, அதைக் கொடுத்தவர் கைக்கே கிடைக்க வேண்டும். அதற்கான கருவி சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில் உருவாகி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அது எங்கெங்கே வைக்கப்பட்டுள்ளது, எங்கெங்கே சில்லுகள் தீர்ந்து வெறுமனே கிடக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலை நம்முடையது.